சனிக்கிழமை இரவு இரண்டு மணி நேரம்: செட்டிநாட்டுச் சமுதாய வானொலிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கும் நிகழ்ச்சி ஆலோசனைக் குழுவினருக்கும் வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை வட்டாரத்தில் சமுதாய வானொலி நடத்துகிற, நடத்தப் போகிற எல்லாக் குழுவுக்கும் பொதுவாக இதை எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான். சனிக்கிழமை இரவு எட்டு முதல் பத்து வரை, பலவகை இசைக்கென்று ஒரு நிகழ்ச்சி வேண்டும். கணினியில் ஆயிரம் திரைப்பாடலை ஏற்றிவிட்டுப் பூட்டிக்கொண்டு போகிற நேரமாக அது இருக்கக் கூடாது. ஒரு மனிதர் உட்கார்ந்து, தேர்ந்தெடுத்து, கோத்து, பேர் சொல்லி ஒலிபரப்ப வேண்டும்.

திரைப்பாட்டின் மேல் எங்களுக்குப் பகை ஒன்றும் கிடையாது. 1952க்குப் பிறகு அகில இந்திய வானொலி திரைப்பாட்டை ஓரங்கட்டியபோது ஜனங்கள் ரேடியோ முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பினார்கள். 1957இல் விவித் பாரதி வந்துதான் அவர்களைத் திரும்பக் கூட்டிவந்தது. அன்றைக்கு வெளியே நின்றது திரைப்பாட்டு. இன்றைக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு மற்ற எல்லாவற்றையும் வெளியே நிறுத்துவதும் அதுதான். நேயர் விருப்பம் என்ற பெயரில் வருகிற பட்டியலைப் பாருங்கள்: தெரிந்த பாட்டைத்தான் யாரும் கேட்க முடியும், தெரியாததை எப்படி விரும்பிக் கேட்பது? தெரிந்ததைத் திருப்பித் தர வணிக வானொலியும் செல்போனும் போதும். 100 வாட் சக்தியில், பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்கு உரிமம் வாங்கி, 30 மீட்டருக்குள் ஒரு கம்பத்தை நட்டு நாமும் அதையே செய்வானேன்?

பலவகை இசை என்றதும், கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுக் கிண்டுகிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே காதுக்குப் பிடிபடுகிற ஒரு கண்ணி இருந்தாக வேண்டும். கண்ணி அறுந்தால் ஆள் நிலையத்தை மாற்றிவிடுவார். நம் வட்டாரத்துக்குக் கண்ணிக்குப் பஞ்சமே இல்லை. பர்மாவிலிருந்து வந்தது என்று சொல்லிக்கொண்டே கவுனி அரிசியை நம் வீட்டு அரிசியாகப் பொங்கித் தின்கிற ஊர் இது. அந்த நாட்டுப் பாட்டு மட்டும் ஏன் இன்னும் துறைமுகத்தில் கிடக்கிறது?

ஒரு கோவையை இப்படிக் கட்டலாம். மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்றில் தொடங்குங்கள். தொப்பிப் பக்கம் கனத்து ஒலிக்க ரவையைப் பிசைந்து அப்புவது எல்லாருக்கும் தெரியும். பர்மாவின் சைங் வைங் குழுவில் ஒருவர் வட்டமாக அடுக்கிய இருபத்தொரு சிறு மத்தளங்களுக்கு நடுவே உட்கார்ந்து வாசிப்பார். ஒவ்வொன்றுக்கும் சோற்றையும் சாம்பலையும் பிசைந்த பசையை அப்பித்தான் சுருதி சேர்ப்பார். இதை இருபது வினாடியில் சொல்லிவிட்டு அந்த இசையைப் போட்டால் தேவகோட்டைக்காரர் ரேடியோவை அணைக்க மாட்டார். அதே குழுவில் ஊதப்படும் ஹ்னே என்ற குழலுக்கும் ஊதுமுனையில் சீவாளிதான். அங்கிருந்து நாதஸ்வரத்துக்குப் பாலம் போடத் தேவையில்லை, நடந்தே போய்விடலாம்.

இன்னொன்று: வீணை. காரைக்குடிப் பாணி என்று ஒன்றையே உலகுக்குத் தந்த ஊர் நாம். மெட்டின் மேல் தந்தியை இழுத்துக் கமகம் வாங்குகிற வீணைக்கு அடுத்து, வியட்நாமின் தெற்குப் பகுதி மேடை நாடகங்களில் வாசிக்கிற கிதாரைப் போடுங்கள். சாதாரண கிதாரில் இழுப்பு போதாது என்று, மெட்டுகளுக்கு இடையே உள்ள மரத்தைக் குடைந்து பள்ளமாக்கி வைத்திருப்பார்கள். விரலை அழுத்தினால் சுரம் வளையும். சைகோனில் நகரத்தார் கட்டிய முருகன் கோயில் இன்றும் நிற்கிறது, அந்த ஊரில் ஒலித்த இசை இது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். மூன்றாவது கோவை கும்மியிலிருந்து தொடங்கலாம். திஸ்ர நடையில் போகும் கும்மிக்கு அடுத்து இலங்கையின் பைலா பொருந்தும். பைலாவுக்கு அடுத்து மலாய் நாட்டிலும் இந்தோனேசியாவிலும் பாடுகிற கெரொன்சொங். பின்னிரண்டுக்கும் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற இசையில் வேர் உண்டு.

கணக்கும் சொல்லிவிடுகிறோம். 120 நிமிடத்தில் விளம்பரமும் அறிவிப்பும் போக நூறு நிமிடம் நிற்கும். பேச்சு பதினைந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மீதி 85 நிமிடத்துக்கு இருபது பாட்டு. அதில் ஏழு கேட்டுப் பழகியவை, ஏழு இந்த வட்டாரத்து ஒலி, ஆறு முழுக்கப் புதியவை. புதியது இரண்டுக்கு மேல் அடுத்தடுத்து வரவே கூடாது. பத்துப் பன்னிரண்டு நிமிட நீளப் பாட்டு ஒன்றே ஒன்று, அதுவும் ஒன்பதே காலுக்கு மேல். மூன்று பாட்டுக்கு ஒருமுறை, முடிந்தவற்றின் பெயர், பாடியவர், ஊர், மொழி நான்கையும் திரும்பச் சொல்ல வேண்டும். முன்னால் மட்டும் சொன்னால் போதாது, பாட்டுப் பிடித்த பிறகுதான் பேர் கேட்கத் தோன்றும். வெளிநாட்டுப் பெயர்களை அந்த மொழிக்காரர் உச்சரிப்பதைப் பேட்டியிலோ பாட்டு அறிமுகத்திலோ கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்து மைக் முன்னால் ஊகிக்கிற வேலை வேண்டாம்.

புதுப் பாட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். யூடியூப் பரிந்துரைக்கிறதைப் பின்பற்றினால் பத்தாவது பாட்டில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வீர்கள். பிடித்த பாட்டு ஒன்றில் பாடியவரை விட்டுவிட்டுத் தாளம் வாசித்தவர் பெயரைப் பிடியுங்கள். அவர் வேறு யாருக்கெல்லாம் வாசித்தார் என்று தேடுங்கள். வெளியிட்ட சிறு நிறுவனத்தின் மற்ற வெளியீடுகளைப் பாருங்கள். கலைஞர்கள் தாங்களே பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஊர்ப் பெயரிட்டுத் தேடலாம்: பினாங்கு, யாழ்ப்பாணம், யாங்கோன். ரேடியோ கார்டன் தளத்தில் பூமி உருண்டையைச் சுழற்றி அந்தந்த ஊர் நிலையத்தை நேராகக் கேட்கலாம். இன்டர்நெட் ஆர்க்கைவில் பழைய இசைத்தட்டுகள் மலைபோலக் குவிந்து கிடக்கின்றன. ஒருவர் வாரம் முப்பது பாட்டு கேட்டால் மூன்று தேறும், அதுவே நல்ல விகிதம். தேறியதை மூன்று முறை கேளுங்கள்: காதுக்கருவியில் ஒருமுறை, வேறு வேலை பார்த்துக்கொண்டே ஒருமுறை, ஐந்நூறு ரூபாய் ரேடியோவின் சிறு ஸ்பீக்கரில் ஒருமுறை. மூன்றாவது சோதனையில் பல பாட்டு விழுந்துவிடும். அடித்தள ஒலியை மட்டும் நம்பிய பாட்டு அந்த ஸ்பீக்கரில் வெறும் சலசலப்பாகத்தான் கேட்கும்.

இனி, எந்தத் தளத்திலும் கிடைக்காத சரக்குக்கு வருகிறோம். அது இங்கேயே, பெட்டகங்களிலும் பரண்களிலும் இருக்கிறது. கிராமபோன் தட்டு வணிகத்தில் காரைக்குடிக்குப் பெரிய பங்குண்டு. ஏவி. மெய்யப்பர் சினிமாவுக்கு முன் கைவைத்த தொழில் இதுதான். 1930களின் நாடகப் பாட்டு, ஆர்மோனியப் பின்னணியோடு, ஒரு பக்கத்துக்கு மூன்றே கால் நிமிடமாகப் பதிந்து கிடக்கிறது. (அந்த ஆர்மோனியத்துக்கே 1940இல் அகில இந்திய வானொலி தடை போட்டது, எடுக்க முப்பதாண்டுக்கு மேல் ஆயிற்று. ரசனைக்குக் காவல் போடுகிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள்.) தட்டை இரவல் கொடுங்கள் என்று ஆச்சிகளிடம் கேட்பதற்கு முன் அதைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும். கெடுத்துவிட்டால் அடுத்த வீட்டில் கதவு திறக்காது.

இந்தத் தட்டு அரக்கால் ஆனது. சானிடைசர், ஸ்பிரிட், கொலோன் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். தேக்குக் கதவுக்குப் பாலிஷ் போடும் ஆசாரியைக் கேளுங்கள், அரக்கைக் கரைக்க அவர் ஊற்றுவதே ஸ்பிரிட்தான். துடைத்த இடத்தில் பள்ளம் மழுங்கி, பாட்டும் அதோடு போய்விடும். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து சொட்டு. மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷை நனைத்து, பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் தேய்த்து, வெறும் நீரில் அலசி, நிழலில் நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள். நடுவிலுள்ள காகித வட்டத்தில் நீர் படக் கூடாது. படுக்க அடுக்கினால் விரிசல் விடும், சித்திரை வெயிலில் பரணில் வைத்தால் வளையும்.

தட்டை வாசிக்கும் முள் விஷயத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். எல்பி என்ற பிற்கால நீள்தட்டுக்கான முள்ளின் முனை 25 மைக்ரான் அளவு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் இந்தப் பழைய 78 தட்டின் பள்ளம் அகலம், அதற்கு 75 மைக்ரான் முனை வேண்டும். சிறிய முள் பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து தூசியையும் கீறலையும்தான் வாசிக்கும். ‘தட்டு தேய்ந்துபோச்சு’ என்று ஒதுக்கப்பட்டவற்றில் பாதிக்கு முள்ளை மாற்றினால் உயிர் வரும். பாரம் மூன்று, நான்கு கிராம். அடுத்து வேகம். எல்லாத் தட்டும் 78 சுற்றில் பதிந்ததில்லை, 74இலிருந்து 80 வரை உண்டு. 74இல் பதிந்ததை 78இல் ஓட்டினால் ஏறக்குறைய அரைக் கட்டை ஏறி, பாடகர் குரல் பிள்ளைக்குரல் ஆகிவிடும். பின்னணி ஆர்மோனியத்தின் சட்ஜமத்தைச் சுருதிப் பெட்டியோடு ஒப்பிட்டால் வேகம் தப்பா சரியா என்று பிடிபடும். பழைய ஆர்மோனியங்களின் சுருதியே சற்று முன்பின்னாக இருக்கும், அந்த அளவுக்குத் தளர்வு விட்டுக் கணிக்க வேண்டும்.

பதிவை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக எடுங்கள். ஒரு பக்கம் நூறு எம்பிக்கு மேல் வரும், வரட்டும். மூலக் கோப்பில் கைவைக்காமல் நகலில் வேலை செய்யுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் இரண்டு தடங்களையும் ஒன்றாக்கி மோனோ செய்தாலே இரைச்சலில் ஒரு பங்கு குறையும். பிறகு ‘டக்’, ‘டிக்’ என்று தெறிக்கும் கீறல்களை நீக்குங்கள். ஒலிபரப்பில் அவைதான் எதிரி: ஒவ்வொரு தெறிப்புக்கும் லிமிட்டர் (அளவு மீறும் ஒலியைத் தடுக்கும் கருவி) ஒலியை அமுக்கி, பாட்டு மூச்சிரைப்பதுபோல் ஏறி இறங்கும். சீரான ‘ஸ்ஸ்’ இரைச்சலை மட்டும் பெருமளவு விட்டுவிடுங்கள். அதையும் முழுக்கத் துடைத்தால் ஜால்ராவும் சீவாளியின் மூச்சும் சேர்ந்தே போய்விடும், பாடகர் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவார்.

அடுத்தது, தட்டிலும் ஏறாதவை: தாலாட்டு, நலுங்கு, கும்மி, முளைப்பாரிப் பாட்டு, தைப்பூசத்துக்குப் பழனி நடக்கும் காவடிக்காரர்களின் வழிநடைப் பாட்டு. நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலை அங்கே நின்று கேட்டவர்கள் அதை வானொலியில் கேட்டதுண்டா? இவற்றைப் பதியும்போது குலவைதான் சோதனை. குலவை எழும் கணத்தில் ஒலி மூன்று, நான்கு மடங்கு துள்ளும். பேச்சுக்கு வைத்த அளவிலேயே ரெக்கார்டர் இருந்தால் பிசிறடித்துவிடும், பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். செல்போன்தான் இருக்கிறது என்றால் பாடுகிறவர்களிடமிருந்து ஒரு ஆள் நீளம் தள்ளி, வளவில் நடுமுற்றத்தை விட்டு ஓரமாக, துணி விரித்த ஸ்டூலில் வையுங்கள். முற்றத்து நடுவில் நான்கு பக்கச் சுவரும் எதிரொலித்துச் சொற்கள் குழையும். கையில் பிடித்தால் விரல் அசைவே இடியாகப் பதியும். பதிந்ததை வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பச் சொல்லாதீர்கள், அது நசுக்கிவிடலாம். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் கோப்பு அப்படியே வரும்.

ஒப்பாரியைத் துக்க வீட்டில் பதிய வேண்டாம். பாடத் தெரிந்தவர் வேறொரு நாளில், அவர் விருப்பப்பட்டுப் பாடினால் மட்டும் பதியுங்கள். எந்தப் பாட்டானாலும் ‘இதை வானொலியில் போடலாமா, உங்கள் பேரைச் சொல்லலாமா, இணையத்திலும் வைக்கலாமா’ என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு, அந்தப் பதிலையும் பதிவின் தொடக்கத்திலேயே பதிந்துவிடுங்கள். தாளில் கையெழுத்து வாங்குவதைவிட இது பாட்டிமார்களுக்குச் சுலபம். ஆலோசனைக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சமுதாய வானொலி விதிகளில் 2024இல் வந்த திருத்தம் சொல்கிறது. இந்தப் பாட்டெல்லாம் யார் வீட்டில் இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும், வெறும் எண்ணிக்கைக்காக அவர்களை உட்கார வைக்காதீர்கள்.

கட்டுப்பாட்டு அறையில் கவனிக்க வேண்டியவை. தானியங்கி ஒலிபரப்பு மென்பொருளில் ‘மௌனம் கண்டால் மாற்றுப் பாட்டு’ என்ற ஏற்பாடு பெரும்பாலும் சில வினாடிக்கே வைக்கப்பட்டிருக்கும். மெல்லிய ஆலாபனை அடங்கி நிற்கிற இடத்தில் அது குறுக்கே புகுந்து நிலையத்தின் விளம்பர இசையைப் பாடிவிடும். இந்த நிகழ்ச்சிக்கு மட்டும் அதை நாற்பது வினாடி ஆக்குங்கள். பாட்டின் வாலைத் தானாகவே வெட்டி அடுத்ததோடு ஒட்டும் வசதியையும் அணைத்துவிடுங்கள். திரைப்பாட்டுக்கு அது சரி. நாதஸ்வரம் ஓய்ந்தபின் சுருதிக்கு ஊதும் ஒத்து நீளும் அந்த நாலு வினாடியை அது இரக்கமில்லாமல் அறுக்கும். எல்லாக் கோப்பையும் முன்னதாகவே மைனஸ் 18 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தின் அளவுகோல்) அளவுக்குச் சமன்செய்து வையுங்கள். இல்லையென்றால் 1935ஆம் ஆண்டுத் தட்டுக்கு அடுத்து வருகிற மலேசியத் தமிழ் ராப் காதைக் கிழித்துவிடும். இந்தியாவில் பண்பலைக்கு 50 மைக்ரோ செகண்ட் முன்-அழுத்தம் உண்டு, அதாவது உச்ச ஒலிகளை டிரான்ஸ்மிட்டர் தூக்கி அனுப்பும். குலவை, தப்பு மேளத்தின் அடி, ‘ஸ’கர ஒலி மூன்றும் லிமிட்டரில் முதலில் முட்டுவது அதனால்தான். அந்தக் கோப்புகளில் ஐந்து கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இரண்டு, மூன்று டெசிபல் குறைத்துவிட்டால் போதும்.

மைக்கிலிருந்து வாய் ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். மின்சாரம் போனால் கணினிக்கு மட்டும் யூபிஎஸ் இருந்து பயனில்லை, மிக்ஸரும் டிரான்ஸ்மிட்டரும் அதில்தான் இருக்க வேண்டும். கேட்கிறவர் பக்கத்துக்கும் ஒன்று சொல்லுங்கள்: கனத்த சுவர் வீடுகளில் இரண்டாங்கட்டுக்குள் அலை மெலியும். ரேடியோவை முகப்புக்குக் கொண்டுவந்து, ஏரியலில் 83 சென்டிமீட்டர் வயர் ஒன்றைச் சுற்றித் தொங்கவிட்டால் 90.4 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசைக்குச் சரியாக இருக்கும். நிகழ்ச்சியைப் புதன்கிழமை பகல் பதினோரு மணிக்கு மறுஒலிபரப்புச் செய்யுங்கள். ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கிறவர்களும் தறியில் உட்கார்ந்திருப்பவர்களும் காது சும்மா இருக்கிற நேரம் அது.

உரிமை பற்றிச் சுருக்கமாக. இசைப் பதிவுக்குக் காப்புரிமை, அது வெளிவந்ததற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. பாட்டு எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும், அவர்கள் மறைந்ததற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. ஆகவே தட்டு விடுதலையாகியிருந்தாலும் பாட்டு விடுதலையாகியிருக்கும் என்று சொல்ல முடியாது. நடப்புப் பாடல்களுக்கு, காப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 31டி பிரிவின்படி வானொலிகள் கட்டணம் கட்டி ஒலிபரப்பலாம். அந்தச் சலுகை இணையத்துக்குப் பொருந்தாது என்று பாம்பே உயர் நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது, எனவே முழு நிகழ்ச்சியையும் அப்படியே பாட்காஸ்டாக ஏற்றாதீர்கள். தனிக் கலைஞர்களுக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். பாட்டின் பெயர், நிலையம், எத்தனை முறை, விளம்பரம் உண்டா, இணையத்தில் வருமா என்று ஐந்தே வரியில் எழுதுங்கள். வணிகமல்லாப் பயனுக்கு மட்டும் என்று உரிமம் போட்டவர்களுக்கும் எழுதித்தான் ஆக வேண்டும், மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போட நமக்கு அனுமதி இருக்கிறதே. ஒலிபரப்பியதை மூன்று மாதம் வைத்திருப்பது எப்படியும் விதி. அதோடு பாட்டு வரிசையையும் சேர்த்து வையுங்கள்.

பயன் இருக்கிறதா என்று எப்படி அளப்பது? ‘சூப்பர்’ என்று வரும் செய்திகளை எண்ணாதீர்கள். ‘இப்ப போனது என்ன பாட்டு?’ என்று வருகிறவற்றை எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் அப்படி ஐந்து வந்தால் நிகழ்ச்சி நன்றாகப் போகிறது. ‘எங்க அப்பத்தா இதை வேற மாதிரி பாடும்’ என்று ஒன்று வந்தால் அன்றைக்கே ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்.

முதலில் பதின்மூன்று வாரம் கொடுங்கள். ஒருவர் தொகுக்க, ஒருவர் கருவி பார்க்க, ஒருவர் ஊர் ஊராகப் பதிய, மூன்று பேர் வேண்டும். செலவென்று பார்த்தால் 78க்கான முள் ஒன்று, காற்றுத் தடுப்புப் பஞ்சோடு ஒரு கையடக்க ரெக்கார்டர், இரண்டு டெராபைட் வட்டுகள் இரண்டு. முள்ளை முதல் வாரத்திலேயே வரவழைத்துவிடுங்கள். உள்ளூர்க் கடையில் கேட்டால் எல்பி முள்ளைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

இப்படிக்கு,
இந்த வட்டாரத்தில் பாட்டுத் தொகுக்கிற சிலர்